ஹிரோஷிகேயின் எடோ: நடந்து வரைந்ததா, புத்தகம் புரட்டி வரைந்ததா?

புறநகர் | 3 பிப்ரவரி 2024

மரக்கட்டை அச்சுப்படங்களுக்குப் பேர்போன ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே (1797–1858) எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பிறந்து எடோவிலேயே செத்தார், ஆயுள் முழுக்க அந்த நகரத்தைச் சுற்றிச் சுற்றி வரைந்தார் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. 1834லும் 1836லும் இரண்டு தவணையாக வந்த ‘எடோ மெய்ஷோ ஸூஎ’ என்ற தலவிளக்க நூலையும் அவருடைய ‘எடோவின் நூறு காட்சிகள்’ வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடத்தேர்வு, கட்டடங்கள் நிற்கும் விதம், சில படங்களில் கோணம்கூட அந்த நூலுக்குப் படம் போட்ட ஹாசெகாவா செத்தானுடையது. வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டி வரைந்தவரை நகரத்தின் காதலர் என்று தூக்கி வைத்து ஆடுவது கொஞ்சம் ஓவர் இல்லையா?

மசிக்கறை | 3 பிப்ரவரி

எடுத்தார். அதில் சந்தேகமே வேண்டாம். எதை எடுத்தார், எதை விட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

செத்தானின் படங்களில் தொடுவானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும், அல்லது மேகப்பட்டையில் மறைந்திருக்கும். உயரத்திலிருந்து கீழே பார்த்து, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து அகலவாட்டில் போட்ட படம். கோபுரவாசல் எங்கே, குளம் எங்கே, தேநீர்க்கடை எங்கே என்று பெயரோடு குறித்திருப்பார். போகப்போகிறவனுக்கு வழி சொல்லும் படம் அது, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

நூறு காட்சிகள் வரிசையின் தாள் நெட்டுவாட்டு, ஏறக்குறைய 36 × 24 செ.மீ. இரட்டைப் பக்கப் படத்தை அதில் அப்படியே இறக்கவே முடியாது, வெட்டியாக வேண்டும். ஹிரோஷிகே வெட்டும்போது கண்ணைத் தரைக்கு இறக்குகிறார், கை எட்டும் தூரத்தில் ஒரு பொருளை வைத்து மீதியைப் பின்னால் தள்ளுகிறார். ஹானெதா படகுத்துறையில் படகோட்டியின் ரோமம் மண்டிய கால், அந்த இடுக்கில் தூரத்துக் கோயில். நைதோ ஷின்ஜுகுவில் குதிரையின் பின்புறம், கீழே சாணம், அப்பால் சத்திரங்கள். மன்னென் பாலத்தில் கயிற்றில் தொங்கும் ஆமை. இந்தக் கண்மட்டம் செத்தானிடம் கிடையாது.

குமிழ்விளக்கு | 3 பிப்ரவரி

ஆமையைக் காசு கொடுத்து வாங்கி ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று பாலத்திலேயே கடை போட்டிருக்கிறார்கள். விட்ட ஆமையைச் சாயங்காலம் அதே ஆள் வலை போட்டுப் பிடிக்கமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

புறநகர் | 4 பிப்ரவரி

கண்மட்டம் என்பது அமைப்பு உத்தி. அதை வீட்டுக்குள் உட்கார்ந்தும் செய்யலாம். நேரில் பார்த்தார் என்பதற்கு ஆதாரம் கேட்கிறேன்.

மசிக்கறை | 4 பிப்ரவரி

நியாயமான கேள்வி. 1836 புத்தகத்தில் இருக்கவே முடியாத பொருள்களைத் தேட வேண்டும். இரண்டு படங்கள் போதும்.

28ஆம் படம், ஷினாகவாவின் கோதென்யாமா. செர்ரிப் பூவுக்குப் பேர்போன குன்று. வழக்கமான படங்களில் பூவும் பாயும் மதுக்குடுவையுமாக இருக்கும். இந்தப் படத்தில் குன்றின் பாதி வெட்டுண்டு, பச்சை மண் செங்குத்தாக நிற்கிறது. 1853ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் கப்பல்கள் வந்து போனதும், எடோ விரிகுடாவில் பீரங்கி மேடைகள் கட்ட இங்கிருந்துதான் மண் வெட்டினார்கள். பூ பார்க்கப் போகும் இடத்தில் மண்வெட்டிக் காயத்தை வரைந்து விற்பனைக்குக் கொடுத்திருக்கிறார். செத்தான் வரைந்தபோது குன்று முழுசாக இருந்தது.

81ஆம் படம், தகானாவா உஷிமாச்சி. முன்னால் மாட்டுவண்டியின் பெரிய சக்கரம், தரையில் தின்று போட்ட தர்ப்பூசணித் தோல், நாய்க்குட்டிகள், மேலே வானவில். கடலில் தெரியும் திட்டுகள் அந்தப் பீரங்கி மேடைகள்தான். குன்றிலிருந்து போன மண் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது! ஒரே வரிசையில் இரண்டு முனையையும் காட்டியிருக்கிறார்.

இதே தகானாவாக் கரையை 1831 வாக்கில், ‘தோதோ மெய்ஷோ’ வரிசையில், ஒருமுறை வரைந்திருக்கிறார். அகலவாட்டுத் தாள், முழுநிலா, நம் தலைக்கு நேர்மேலே பறக்கும் வாத்துக்கூட்டம். மிக அழகான படம், குப்பை கிடையாது. கால் நூற்றாண்டு கழித்து அதே கரைக்குத் திரும்பும்போது நிலாவை விட்டுவிட்டுத் தர்ப்பூசணித் தோலை எடுத்துக்கொள்கிறார். ஒரு ஊரோடு நீண்ட காலம் கிடந்தவனுக்குத்தான் அந்த அலட்சியம் வரும் என்பது என் கட்சி. வாழ்நாள் உறவு என்று நான் சொல்வதும் எத்தனை மைல் நடந்தார் என்ற கணக்கை வைத்து இல்லை. ஒரே இடத்துக்கு எத்தனை விதமாகத் திரும்பினார் என்பதை வைத்துத்தான்.

உளிச்சத்தம் | 4 பிப்ரவரி

இன்னொரு சங்கதி: அவர் தீயணைப்புக் குடும்பம். 12 வயதில் அப்பா அம்மா இருவரையும் 1809லேயே இழந்து, அப்பாவின் தீக்காவல் வேலையை ஏற்றவர். ஊரின் சந்துபொந்தெல்லாம் அந்த வேலையில் கால் பழகியிருக்கும். தீ எங்கே பரவும், காற்று எங்கே திரும்பும், எந்தப் பாலம் வழி ஓட வேண்டும் என்பதெல்லாம் படத்தில் தெரிகிறது.

நடைபாதை | 5 பிப்ரவரி

இந்தத் தீயணைப்புக் காதலை எல்லோரும் அளவுக்கு மீறி இழுக்கிறார்கள். எடோவில் தீயணைப்பில் இரண்டு வகை உண்டு. ஊர்மக்கள் வீட்டுக்கூரை ஏறி இடித்துத் தீயை நிறுத்தும் நகரத்துக் குழுக்கள் ஒன்று. ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் கீழ் சாமுராய்கள் பொறுப்பில், முதன்மையாகக் கோட்டையைக் காக்க நிறுத்தியிருந்த குழுக்கள் இன்னொன்று. ஹிரோஷிகேயின் குடும்பம் இரண்டாவது. யாயெசுக் கரையில், கோட்டை அகழிக்குப் பக்கத்தில் குடியிருப்பு. கீழ்மட்ட சாமுராய் உத்தியோகம், சம்பளம் சொற்பம், ஆனால் ஓய்வு நேரம் தாராளம். 1811 வாக்கிலேயே உதாகவா தொயொஹிரோவிடம் படம் கற்கச் சேர முடிந்ததற்கு அந்த ஓய்வுதான் காரணம். பிறகு பொறுப்பைக் குடும்பத்தில் மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். சந்துபொந்தில் ஓடினார் என்பதற்கு அந்த உத்தியோகத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

மசிக்கறை | 5 பிப்ரவரி

நடைபாதை சொல்வது சரி. அந்த உத்தியோகத்தால் ஒன்று நிச்சயம் கிடைத்தது, அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கோட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர், ஆனால் 118 படங்களில் ஒன்றில்கூடக் கோட்டைக் கட்டடங்களைக் கிட்டத்தில் காட்டவில்லை. நிஹோன்பாஷியின் பனிக்காலைப் படத்தில் ஃபுஜி மலையோடு சேர்த்துத் தூரத்தில் சின்னதாக வரும். ஆட்சியாளர் விஷயம் அச்சில் வரக்கூடாது என்பது சட்டம். எதை வரையக்கூடாது என்று தெரிந்துகொண்டு அதைச் சுற்றி வளைத்துப் போவதும் ஊரை அறிந்த அறிவுதான்.

மசிக்கறை | 6 பிப்ரவரி

நிலநடுக்கத்தைச் சொல்லாமல் இந்த வரிசையைப் பேசக்கூடாது.

1855 நவம்பர் 11 இரவு எடோவில் பெரிய நிலநடுக்கம், பின்னாலேயே தீ. ஜப்பானிய நாள்காட்டியில் அது பத்தாம் மாதம் இரண்டாம் தேதி. நூறு காட்சிகள் வரிசையில் முதல் படங்களுக்குத் தணிக்கை முத்திரை விழுந்தது அடுத்த ஆண்டு இரண்டாம் மாதம். இடையில் நான்கே மாதம். இடிந்த நகரத்தை இடியாத நகரமாக வரையத் தொடங்கினார் என்று சிலர் எழுதுவார்கள். முழுக்க அப்படி இல்லை என்பதற்கு 99ஆம் படம்: அசாகுசா கோயில், பனி, சிவப்பு விளக்கு, பின்னால் ஐந்தடுக்குக் கோபுரம். நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரத்தின் உச்சிக்கம்பி வளைந்துபோனது. 1856ல் நிமிர்த்தினார்கள். படத்தின் முத்திரை அதே ஆண்டு ஏழாம் மாதம். அது வெயில் கொளுத்தும் காலம், படத்திலோ பனி. அந்த நேரத்தில் அசாகுசாவில் செய்தி என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது: கம்பி நேராகிவிட்டது. சிவப்பு வெள்ளைச் சேர்க்கை மங்கல நிறம் என்பதையும் சேர்த்துப் படித்தால் படம் வேறு முகம் காட்டும். இதை ஒரு வாசிப்பாகத்தான் வைக்கிறேன். தேதிகள் பொருந்துகின்றன.

குமிழ்விளக்கு | 6 பிப்ரவரி

ஆக, வெயிலில் உட்கார்ந்து பனி வரைந்த ஆள். புறநகருக்கு இன்னொரு பாயிண்ட் சேர்ந்தது.

புறநகர் | 6 பிப்ரவரி

சேர்த்துக்கொண்டேன். இந்த முத்திரைத் தேதியை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு தேதி போடுகிறார்கள்.

நடைபாதை | 7 பிப்ரவரி

இந்த வரிசைக்கு மட்டும் சொல்கிறேன். முத்திரை பெரும்பாலும் படத்துக்குள் இருக்காது, ஓர வெள்ளையில் இருக்கும். ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்ட பிரதிகளில் தேதியே போயிருக்கும், ஆகவே முதலில் ஓரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

1856, 1857 படங்களில் இரண்டு சின்ன முத்திரைகள் இருக்கும். ஒன்று ‘பார்வையிடப்பட்டது’ என்ற தணிக்கை அடையாளம், மற்றது தேதி. 1858 படங்களில் தேதி முத்திரை மட்டும்தான். தேதி முத்திரையில் ஆண்டுக்கு விலங்கின் எழுத்து, கூடவே மாத எண். டிராகன் என்றால் 1856, பாம்பு 1857, குதிரை 1858.

குழப்பம் வருவது இரண்டு காரணத்தால். மாதம் சந்திர மாதம், நம் கணக்குக்குக் கொண்டுவர ஒரு மாதமோ சற்றுக் கூடவோ சேர்க்க வேண்டும். அடுத்தது, 1857ல் ஐந்தாம் மாதம் இரண்டு தடவை வந்தது, அதிக மாதம். ஹொரிகிரி ஐரிஸ் பூப் படம் அந்த அதிக மாதத்தில் முத்திரை பெற்றது. அதை வெறும் ஐந்தாம் மாதம் என்று எடுத்தால் தேதி ஒரு மாதம் முன்னால் போய்விடும்.

படங்களின் எண்ணை வைத்துக் காலவரிசை போடாதீர்கள். பருவகாலப்படி பிரித்த உள்ளடக்கப் பக்கம் வரிசை முடிந்தபிறகு அடித்தது. 1 முதல் 42 வரை வசந்தம், குளிர்காலம் 99ல் தொடங்கும். எண்ணில் முதலில் நிற்கும் படம் அச்சில் முதலில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அவர் 1858 அக்டோபர் 12 அன்று இறந்தார், ஊரெல்லாம் காலரா. அதற்கு அடுத்த மாத முத்திரையோடும் படங்கள் உண்டு. அகாசாகாவின் மழைப் படம் அவருடையதே அல்ல, சீடர் இரண்டாம் ஹிரோஷிகே 1859ல் போட்டது.

உளிச்சத்தம் | 7 பிப்ரவரி

வரைந்ததைப் பற்றியே பேசுகிறீர்கள். நாம் பார்ப்பது அச்சு. மேல்வானத்தில் கருநீலம் கீழே வரவர மங்குகிறதே, அந்தப் பொக்காஷிதான் இந்த வரிசையின் உயிர். அதை ஹிரோஷிகே தொடவே இல்லை.

மசிக்கறை | 8 பிப்ரவரி

ஆமாம், அந்தப் பக்கமும் போகலாம்.

ஓவியர் கொடுப்பது மெல்லிய தாளில் கருங்கோட்டுப் படம் மட்டும். அதைச் செதுக்குபவர் மலைச்செர்ரிக் கட்டையில் முகம் கீழாக ஒட்டி, தாளின் முதுகை விரலால் உரித்து, எண்ணெய் தடவிக் கோடு தெரியவைத்துச் செதுக்குவார். அசல் படம் அங்கேயே செத்துவிடும். கோட்டுக் கட்டையில் எடுத்த மாதிரித் தாள்களில் எந்த இடத்தில் எந்த நிறம் என்று ஓவியர் குறித்துத் தருவார், நிறத்துக்கு ஒரு தாள். அதை ஒட்டி நிறக்கட்டைகள் செதுக்குவார்கள். கட்டையின் இரண்டு முகத்தையும் பயன்படுத்துவார்கள். அச்சடிப்பவர் ஒரு ஈட்டுக்கு 200 தாள் போடுவார். வெளியீட்டாளர் உஓயா எய்கிச்சி, பணம் அவருடையது. 1842 கட்டுப்பாட்டில் தாளுக்கு 16 மோன் (செப்புக்காசு) என்று உச்சவிலை வைத்திருந்தார்கள், தெருக்கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலை.

குறிப்பு தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 65ஆம் படம், கமெய்தோ தென்ஜின் கோயில். வளைந்த பாலம், முன்னால் தொங்கும் விஸ்டீரியாப் பூங்கொத்துகள். முதல் அச்சுப் பிரதிகளில் பாலத்துக்கு அடியில் தெரியும் வானமும் குளத்துத் தண்ணீரின் அடர்நீலத்திலேயே இருக்கும். தண்ணீர் பாதி உயரத்துக்கு எழும்பி நிற்பதுபோல் தெரியும். பிந்திய அச்சில் திருத்திவிட்டார்கள். ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறமாகப் பார்த்தார் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் குறிப்பில் கண்மட்டத்தை மட்டும் பேசினேன், அது கோட்டின் பங்கு. எடோவின் அந்திநேரம், மழைக்கு முந்தைய இருட்டு எல்லாம் அச்சடித்தவன் கையில் இருந்தது, அவனும் எடோக்காரன்தான். நகரத்தோடு உறவு என்று பேசினால் இந்தப் பங்காளிகளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

புறநகர் | 8 பிப்ரவரி

பொக்காஷி இங்கே செய்ய முடியுமா? செர்ரிக் கட்டை எல்லாம் கேட்காமல்.

உளிச்சத்தம் | 9 பிப்ரவரி

முடியும். மேல்வானத்து நேர்ப்பட்டையில் தொடங்குங்கள், அதுதான் ஆகச் சுலபம்.

கட்டைக்கு நல்ல பிளைவுட், மேல்தோல் மெல்லிய நாராக, முடிச்சில்லாமல். தேக்கு வேண்டாம், எண்ணெய்ப்பசையால் தண்ணீர்ச் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும்.

நிறம்: பிரஷ்யன் நீலம். குழாயில் வரும் நீர்வண்ணமே போதும். எடோவில் இது 1830 வாக்கில் மலிவாக இறங்கிய இறக்குமதிச் சரக்கு. துகள் மிக நுண்ணியது, தண்ணீரில் சீராகப் பரவும். அதனால்தான் அந்த நீண்ட மங்கல் சாத்தியமாயிற்று. அவுரி நீலத்தில் அவ்வளவு தூரம் இழுக்க வராது.

பசை: அரிசி மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி இறக்கினால் ஆறியதும் தயிர்ப் பதம். சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் இங்கே வேண்டாம், நிறத்தைக் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் மறுநாளே புளித்துவிடும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

தூரிகைக்குச் செருப்புத் துடைக்கும் குதிரைமயிர் பிரஷ். நுனியை லேசாகத் தீயில் கருக்கி, உப்புத்தாளில் தேய்த்து மிருதுவாக்கிக்கொள்ள வேண்டும்.

காகிதம்தான் முக்கியம். நீள நார் வேண்டும். ஜப்பானியக் கோசோ அல்லது நேபாள லோக்தா. பருத்திக் கைக்காகிதத்தின் நார் குட்டை, ஈரத்தில் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக எழும்பும். மேல்பூச்சில்லாத தாளாக இருந்தால் வஜ்ஜிரமும் (விலங்குப் பசை) படிகாரமும் கரைத்த தண்ணீர் பூசிக் காயவையுங்கள். வஜ்ஜிரம் கூடுதல், படிகாரம் குறைவு. பூச்சு போதாவிட்டால் நிறம் ஊறிப் பின்பக்கம் போகும். படிகாரம் மிஞ்சினால் தாள் நாளடைவில் பழுத்து ஒடியும்.

முந்தின இரவே மூன்று தாளுக்கு ஒன்றை நனைத்து அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பலகை வைத்துவிடுங்கள். காலையில் எல்லாத் தாளிலும் ஒரே ஈரம் இருக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், மினுங்கக் கூடாது.

இனி அச்சு. கட்டையில் மங்கல் விழ வேண்டிய இடம் முழுக்க ஈரத்துணியால் துடையுங்கள். மேல்விளிம்பில் நீலம், பக்கத்திலேயே பாசிப்பயறளவு பசை. பிரஷின் ஒரு மூலையில் தண்ணீர், மறு மூலையில் நிறம். நிற மூலை மேல்விளிம்பைப் பார்க்க, இடமும் வலமுமாக மட்டும் இழுக்க வேண்டும். மேலும் கீழும் போனால் மங்கல் அழிந்துவிடும். கடைசி இழுப்பு கையின் கனமே இல்லாமல். தாள் விலகாமல் உட்காரக் கட்டையில் செதுக்கும் அடையாளம்தான் கென்தோ. தாளை முதலில் வலக்கை மூலைக் கென்தோவில் பொருத்தி, பிறகு நேர்க்கோட்டுக் கென்தோவில் இடப்பக்கத்தைச் சேர்த்து, அப்புறம்தான் விட வேண்டும். பாரெனால், அதாவது தாளின் முதுகைத் தேய்க்கும் வட்டால், தேய்க்கும்போது அடியில் ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் தாளில் கறை.

ஒரே அடியில் ஆழம் வராது. முதலில் அகலமாக, வெளிறலாக ஒருமுறை. அதன்மேல் ஒடுக்கமாக, அடர்த்தியாக மறுமுறை.

மசிக்கறை | 9 பிப்ரவரி

மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பதையும் சேருங்கள். தாளின் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், கென்தோ எவ்வளவு சுத்தமாகச் செதுக்கியிருந்தாலும் அடுத்த நிறம் விலகி விழும். குளிர்சாதன அறையிலும் இதே கதை. அச்சடிக்காத தாள்களை ஈரத்துணியால் மூடியே வையுங்கள்.

உளிச்சத்தம் | 10 பிப்ரவரி

வரும் கோளாறுகள்:

மங்கல் முடியும் இடத்தில் கரைகட்டிய கோடு விழுந்தால் கட்டையில் தண்ணீர் அதிகம். துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும்.

எள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் பசை குறைவு அல்லது தேய்த்த அழுத்தம் போதாது. சிலர் இதை வேண்டுமென்றே செய்வார்கள். வானத்துக்கு ஒத்துவராது, சுவருக்கும் மண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

பிரஷின் தடம் அப்படியே பதிந்தால் பசை அதிகம்.

கோட்டைச் சுற்றி நிழல்போல் நிறம் கசிந்தால் தாள் அளவுக்கு மீறி நனைந்திருக்கிறது. அடுக்கின் நடுவே காய்ந்த தாள் ஒன்றிரண்டு நுழைத்து அரைமணி விட்டால் சரியாகும்.

இரண்டு மூன்று நாளில் அடுக்கில் கருப்புப் பொட்டு வந்தால் பூஞ்சணம். அன்று முடியாவிட்டால் பிளாஸ்டிக்கோடு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். மறுபடி எடுக்கும்போது பிரிக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட்டுப் பிரியுங்கள்.

குமிழ்விளக்கு | 10 பிப்ரவரி

மீனுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் கேட்பார்கள்.

மசிக்கறை | 11 பிப்ரவரி

இப்போது 58ஆம் படத்தைப் பாருங்கள், ஷின் ஓஹாஷிப் பாலத்து திடீர்மழை, 1857. மேலே கருமேகம் நேர்ப்பட்டை இல்லை, ஒழுங்கில்லாத குமைச்சல். அந்த வடிவம் கட்டையில் செதுக்கியிருக்காது. அச்சடிப்பவர் தண்ணீரையும் கருமையையும் கட்டைமேல் விட்டு, கைப்போக்கில் கலந்து எடுத்தது. அதனால் இரண்டு பிரதியில் மேகம் ஒன்றுபோல் இருக்காது. மழைக்கோடுகள் இரண்டு கட்டை, சாய்வு கொஞ்சம் மாறும், ஒன்று கருமை, மற்றது வெளிறல். ஒரே கட்டையில் செதுக்கியிருந்தால் கோடுகள் வெட்டும் இடங்கள் மொத்தையாகப் போயிருக்கும்.

வான்கோ 1887ல் பாரிசில் இதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார். கமெய்தோப் பிளம் மரத்தையும் வரைந்தார். மழைப்படத்தில் அவர் எடுக்க முடியாமல் போனது இந்த மேகம்தான். எண்ணெய் வண்ணத்தில் ஆற்றுக்கு அலை வந்துவிட்டது, வானத்துக்கு ஈரம் வரவில்லை.

நடைபாதை | 12 பிப்ரவரி

யாராவது பழைய பிரதி வாங்க நினைத்தால் இதே தடயங்களைத்தான் பார்க்க வேண்டும். முந்திய அச்சில் தலைப்புக் கட்டத்துக்குள்ளேயே நிறம் மங்கும். வியாபாரம் சூடுபிடித்ததும் நேரம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டியது அந்த வேலையைத்தான், கட்டம் ஒரே நிறமாகிவிடும். வானத்தில் இரண்டு மங்கல் ஒன்றாகக் குறையும். கோடுகளில் முறிவு தெரிந்தால் கட்டை தேய்ந்த காலத்து அச்சு. 107ஆம் படம், சுசாகி கழுகு: நல்ல பிரதியைச் சாய்த்துப் பிடித்தால் நகங்கள் பளபளக்கும், பசை பூசி மினுக்கியது. இறகில் காக்காப்பொன் தூள். புகைப்படத்தில் இரண்டுமே தெரியாது, ஆகவே சாய்வு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். ஜன்னலில் பூனை உட்கார்ந்திருக்கும் 101ஆம் படத்தில் பூனையின் உடம்பு நிறமில்லாமல் வெறும் அழுத்தத்தால் புடைத்திருக்கும். யாராவது அதை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கியிருந்தால் போச்சு.

நிறம் போவது வேறு கணக்கு. குசும்பாச் சிவப்பு வெயிலில் வெளுக்கும். செந்தூரம் கந்தகக் காற்றில் கறுக்கும். பிரஷ்யன் நீலம் வெளிச்சத்தை ஓரளவு தாங்கும், காரத்தைத் தாங்காது, பழுப்பாகிவிடும். சுண்ணாம்பு அடித்த ஈரச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டம் போடும்போது சுண்ணாம்புச் சத்து ஏற்றிய பாதுகாப்பு அட்டை என்று விற்பதையும் இந்த நீலத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். மற்றப் படங்களுக்கு அது நல்லது, இதற்கு இல்லை.

புறநகர் | 13 பிப்ரவரி

கோதென்யாமா என் வாதத்தைப் பாதி சாய்த்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி நிற்கிறது. பல படங்கள் தலவிளக்க நூலின் நிழல்தான். இந்த இடங்களை இன்று போய்ச் சரிபார்க்க முடியுமா?

மசிக்கறை | 14 பிப்ரவரி

மீதிப் பாதியை நான் கேட்கவில்லை, வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் ஓரங்களுக்குப் போகப்போக நூலின் சாயல் கூடுகிறது என்றுதான் எனக்கும் படுகிறது. சுமிதா ஆற்றங்கரைப் படங்களில் அந்தச் சந்தேகம் வருவதில்லை.

இன்று போனால்: நிஹோன்பாஷியில் இப்போது நிற்பது 1911ல் கட்டிய கல்பாலம், தலைக்குமேலே 1963ல் வந்த விரைவுச்சாலை. ஃபுஜியைத் தேட வேண்டாம். சுருகாசோ தெருவில் இரண்டு பக்கமும் எச்சிகோயா துணிக்கடை, நடுவில் ஃபுஜி என்று ஒரு படம் இருக்கிறது. அந்தக் கடைதான் பிறகு மித்சுகோஷி ஆயிற்று, அதே இடத்தில் இப்போதும் பெரிய கடை. தெருவின் திசை மாறவில்லை, ஆகவே கோணத்தைச் சரிபார்க்க ஆக நல்ல இடம் அதுதான். ஷின் ஓஹாஷி இன்று சற்று மேல்நீரோட்டத்துக்குத் தள்ளி நிற்கிறது, 1977ல் கட்டியது. படம் நின்ற இடத்தை வேண்டுமானால் பாலத்தை விட்டுக் கரையில் கீழே நடக்க வேண்டும். கமெய்தோவின் படுத்திருக்கும் பிளம் மரம் 1910 வெள்ளத்தில் போனது. கோதென்யாமாவில் வெட்டிய விளிம்பைத் தேடினால் கட்டடங்கள்தான் கிடைக்கும், ஆனால் நிலத்தின் ஏற்றத்தை நடக்கும்போது கால் சொல்லும். பீரங்கி மேடைகளில் மூன்றாவது பூங்காவாக இருக்கிறது, போய் நிற்கலாம்.

உளிச்சத்தம் | 14 பிப்ரவரி

டோக்கியோ போவதற்கு முன்னால் புறநகர் வானத்தை மட்டும் ஒரு பிளைவுட் துண்டில் அடித்துப் பார்க்கட்டும். கோட்டுக் கட்டை இப்போதைக்கு வேண்டாம். பத்துத் தாளில் மங்கல் ஒரே உயரத்தில் நின்றால் அப்புறம் சொல்லுங்கள், கென்தோ செதுக்கும் அளவு தருகிறேன்.

புறநகர் | 15 பிப்ரவரி

லோக்தா கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. எந்தப் பக்கம்?

உளிச்சத்தம் | 15 பிப்ரவரி

வழவழப்பு. நனைத்தபின் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஆகவே காய்ந்திருக்கும்போதே மூலையில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.